நிதியுதவிக் கடிதம்: மறுபரிசீலனைக்கு எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. தம்பிக்குக் கல்லூரியிலிருந்து நிதியுதவிக் கடிதம் வந்திருக்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்து வீடே துள்ளியது. நிதானமாக இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது: முதல் வரி மட்டும்தான் அரசு மானியம், திருப்பித் தர வேண்டாத பணம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கல்விக் கடன். இரண்டையும் கூட்டி ‘உதவி’ என்று போட்டிருக்கிறார்கள். கடனை உதவி என்று சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மானியத்தைக் கணக்கிட எங்கள் பழைய ஆண்டு வருமானத்தை எடுத்திருக்கிறார்கள். அப்போது அப்பா வேலையில் இருந்தார். இப்போது 4 மாதமாக வீட்டில் இருக்கிறார். நிலைமை மாறியதைச் சொல்லி மறுபரிசீலனை கேட்டு யாராவது எழுதியிருக்கிறீர்களா? வேலை போன கடிதமும் வங்கிக் கணக்கு விவரமும் போதுமா? பதில் வரும்வரை மானியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு கடனை நிறுத்திவைக்க முடியுமா?

அப்புறம், தம்பி ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்கிறான். அது கிடைத்தால் மானியத்தில் கழித்துவிடுவார்களோ என்று பயம். படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறுமா என்பதும் கடிதத்தில் இல்லை. கையெழுத்துப் போட இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.