ஆச்சி வீடு – 640 யூனிட்

வெள்ளி, காலை 9.10

பேச்சி சித்தப்பா: [படம்]

பேச்சி சித்தப்பா: மீட்டர் கணக்கெடுத்துவிட்டுப் போனார்கள். 640 யூனிட். 3,258 ரூபாய்.

மாலா சித்தி: போன தடவை 1,742

கோமதி அத்தை: ஆத்தாடி

செல்வி: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வளையல் யார் எடுத்து வருகிறீர்கள்? அத்தையா?

கோமதி அத்தை: கோவில்பட்டியிலேயே எடுத்துவிட்டேன் கண்ணு. 12 டஜன். எல்லாம் கண்ணாடி வளையல்.

ராஜன் பெரியப்பா: பேச்சி, போன தடவை 490, இப்போது 640. கூடியது 150 யூனிட். பணம் மட்டும் 1,516 ரூபாய் கூடியிருக்கிறது. 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கும் உள்ள 2.35 ரூபாய் கணக்கு போய்விடும், அங்கிருந்தே 4.70 தான். 401-க்கு மேல் 6.30, 501-க்கு மேல் 8.40, 601-க்கு மேல் 9.45. முதல் 100 இலவசம் என்பது மட்டும் எல்லோருக்கும் உண்டு. சரி, பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அனல் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவுக்குக் கரி எரிகிறது. 150 யூனிட் என்றால் இரண்டு மூட்டைக்கு மேல். ஒடிசாவில் வெட்டி, ரயிலில் பாராதீப் போய், கப்பலில் நம் துறைமுகத்துக்கு வருகிற கரி. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகத்தான் மிஞ்சும். அந்தச் சாம்பலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? புகை போவதும் நம் தலைக்கு மேல்தானே? யார் வீட்டில் எது ஓடுகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.

மாலா சித்தி: மாடியில் ஏசி ஓடுகிறது அத்தான்

மாலா சித்தி: மார்ச்சிலிருந்து

குமார்: சித்தி, எனக்கு ராத்திரி வேலை. பகலில்தான் தூங்க வேண்டும். தகரக் கூரை.

ராஜன் பெரியப்பா: எத்தனையில் வைக்கிறாய்?

குமார்: 18

ராஜன் பெரியப்பா: 18-ஆ!

பேச்சி சித்தப்பா: உங்கள் மகன்தான் அண்ணே

மணி மாமா: எனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. இன்று ராத்திரி 9.30 மணிக்குக் கரண்டைத் துண்டித்துவிடுவார்களாம். போன மாதப் பணம் ஏறவில்லை, இந்த நம்பருக்கு உடனே பேசவும் என்று போட்டிருக்கிறது. பேசட்டுமா?

செல்வி: பேசாதீர்கள் மாமா!!

குமார்: மாமா, அது திருட்டு நம்பர். பேசினால் ஏதாவது ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான், பேங்க் பணம் போய்விடும்.

கோமதி அத்தை: ஏற்கெனவே பேசிவிட்டார். லைன் கிடைக்கவில்லை. நல்ல காலம்.

ராஜன் பெரியப்பா: மச்சான், அந்த நம்பரை அழித்துவிடுங்கள். குமாரு, நீ 24-இல் வை. 2020-இலிருந்து புது ஏசி எல்லாவற்றையும் 24-இல் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம். மேலே ஃபேனை இரண்டில் ஓடவிட்டால் 24-இலேயே உடம்புக்கு இதமாக இருக்கும். கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கிறேன், செலவு என்னுடையது.

குமார்: சரிப்பா. 25-இல் வைத்துப் பார்க்கிறேன். சுண்ணாம்பு எப்போது?

வெள்ளி, இரவு 8.40

பேச்சி சித்தப்பா: அண்ணே, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போன ஞாயிறு எல்லோரும் திருச்செந்தூர் போயிருந்தபோது கீழே, மாடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். நம் பிரிட்ஜையும்தான். ஆனாலும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் பின்கட்டில் கோமதி பிரிட்ஜ் ஓடுகிறது. நாலு மணி நேரத்துக்கு 0.3 யூனிட். ஒரு நாளைக்கு 1.8. இரண்டு மாதத்துக்கு 108.

மாலா சித்தி: உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு கிண்ணம் மருதாணி. அவ்வளவுதான்.

கோமதி அத்தை: அது அப்பா எனக்குச் சீர் கொடுத்தது.

பேச்சி சித்தப்பா: யார் இல்லை என்றார்கள்? சீர் கொடுத்தது உன் வீட்டுக்கு. இருப்பது இங்கே.

கோமதி அத்தை: ஏன் இங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

மணி மாமா: அந்தப் பழைய கதை எதற்கு இப்போது

கோமதி அத்தை: போன தடவையும் என் பிரிட்ஜ் ஓடியது. அப்போது 490 தானே வந்தது?

ராஜன் பெரியப்பா: கோமு கேட்பது நியாயம். இந்தத் தடவை கூடிய 150-க்குக் காரணம் ஏசி. உன் பிரிட்ஜ் ஒவ்வொரு தடவையும் 108 எடுக்கிறது, எப்போதும் எடுப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. பேச்சி, ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துப் பிரிட்ஜை மூடு. இழுத்தால் வருகிறதா பார்.

பேச்சி சித்தப்பா: வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது

பேச்சி சித்தப்பா: மேல் மூலையில் ரப்பர் கிழிந்திருக்கிறது. கையை வைத்தால் குளிர் அடிக்கிறது.

ராஜன் பெரியப்பா: அதுதான். குளிர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்தினால் 532. குமார் 24-இல் வைத்தால் இன்னும் 50 குறையலாம். 482 என்றால் பில் 1,700-க்குள் வந்துவிடும். கரி பக்கம் பார்த்தால் 100 கிலோவுக்கு மேல் மிச்சம். நான் 31 வருடம் அனல் மின் நிலையத்தில் கரிப்பிரிவில் நின்றவன். சித்திரை வெயிலில் கரிக்குவியல் தானாகவே புகையும், தண்ணீரை அடித்துக்கொண்டே இருப்போம். அம்மாவிடம் கேளுங்கள், என் கைக்குட்டையை எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் கறுப்பாகத்தான் போகும். சும்மா எரிகிற ஒரு விளக்கைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் குவியல்தான் கண்ணுக்குள் வருகிறது.

செல்வி: ஆச்சி ஆமாம் என்கிறார்கள் பெரியப்பா. தனியாகத்தான் ஊறப்போடுவார்களாம்.

குமார்: அப்பா, நம் பக்கம்தான் கயத்தாறு வரைக்கும் காற்றாலையாக நிற்கிறதே. இன்னும் கரியா?

ராஜன் பெரியப்பா: காற்று வைகாசியில் ஏறி புரட்டாசியில் இறங்கிவிடும். இப்போது மந்தம். பகலில் சூரிய மின்சாரம் தாங்குகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அது படுத்துவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் ஊரே விளக்கு, டிவி, மோட்டார் எல்லாவற்றையும் போடுகிறது. அப்போது கரிதான் தாங்க வேண்டும். மாலா, மோட்டாரையும் வாஷிங் மிஷினையும் காலை பத்துக்கு மேல், மூன்றுக்குள் போட்டுவிடு. பில் ஒரு பைசா குறையாது, நமக்கு எந்த நேரத்துக்கும் ஒரே விலைதான். ஆனாலும் போடு.

மாலா சித்தி: பகலில் போட்டால் மோட்டார் சத்தத்தில் குமார் தூங்க முடியாது என்கிறான் அத்தான்

குமார்: பரவாயில்லை சித்தி. போடுங்கள்.

கோமதி அத்தை: பெரியண்ணே, கூரையில் சோலார் வைத்தால் என்ன? எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் வைத்துவிட்டார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமாம்.

ராஜன் பெரியப்பா: நல்ல யோசனை. ஒரு கிலோவாட் வைத்தால் நாளைக்கு நாலு யூனிட் தரும். ஆனால் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது.

பேச்சி சித்தப்பா: வீடும்தான்

மணி மாமா: 👍

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: யார் என்ன போட்டு அழித்தீர்கள்?

மாலா சித்தி: பந்தல்காரர் கேட்கிறார். சனி ராத்திரி வாசலுக்கு நாலு ஹாலஜன் போதுமா என்று.

ராஜன் பெரியப்பா: ஹாலஜன் வேண்டவே வேண்டாம்! ஒன்று 500 வாட். நாலும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். 50 வாட் எல்இடி வைத்திருப்பார், அதைக் கேள். ஒரு யூனிட்டில் முடிந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சி உட்காரும் இடமும் சூடாகாது.

மாலா சித்தி: எல்இடிக்கு வாடகை 200 கூடவாம்

ராஜன் பெரியப்பா: நான் தருகிறேன்

பேச்சி சித்தப்பா: ஆச்சி அறையில் ஓடுவது பழைய 75 வாட் ஃபேன். அதையும் மாற்றிவிடலாமா அண்ணே? புதுசு 30 வாட்தான். ஆச்சிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிறது.

ராஜன் பெரியப்பா: மாற்று. இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் குறையும்.

செல்வி: ஆச்சி வேண்டாம் என்கிறார்கள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராதாம்.

ராஜன் பெரியப்பா: நான் நேரில் வந்து பேசுகிறேன்.

சனி, காலை 7.05

பேச்சி சித்தப்பா: கோமு, பிரிட்ஜை நிறுத்திவிடட்டுமா? பொருள் உன்னுடையதுதான், எங்கேயும் போகாது. துடைத்துக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

கோமதி அத்தை: ஞாயிறு முடியட்டும் அண்ணே. பூ 20 முழம் வருகிறது, தயிர் வேறு இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம்.

பேச்சி சித்தப்பா: அப்புறம் என்றால் திங்களா?

கோமதி அத்தை: நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

ராஜன் பெரியப்பா: அதுவரைக்கும் அந்த ரப்பரையாவது மாற்று பேச்சி. பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற யாரிடமும் கிடைக்கும்.

குமார்: அப்பா, நேற்றுப் பகலில் 25-இல்தான் வைத்தேன். ஃபேனோடு சரியாக இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கிவிட்டீர்களா?

ராஜன் பெரியப்பா: வாங்கிவிட்டேன். பத்து மணிக்கு வருகிறேன். ஏணி இருக்கிறதா?

மாலா சித்தி: ஏணி பந்தல்காரரிடம் இருக்கிறது. செல்விக்கு அரைத்த மருதாணியை எந்தப் பிரிட்ஜில் வைக்க?

கோமதி அத்தை: என் பிரிட்ஜில் வை மைனி.