அம்பாசடர் மார்க் 4: செல்ஃப் அடித்ததும் கார்ப்புரேட்டர் பக்கம் தீ, எங்கிருந்து தேடுவது?

கொருக்குப்பேட்டை அம்பி:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல், எஸ்யூ வகை கார்ப்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்). அப்பா ஓட்டிய வண்டி, இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறேன். போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் ஊர்ந்து வந்தேன். தண்டையார்பேட்டையில் டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தபோது "டப்" என்று ஒரு சத்தம், பானெட் இடுக்கில் புகை. திறந்தால் கார்ப்புரேட்டர் பக்கம் கையளவு தீ. டீக்கடைக்காரர் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார். ஒரு வயரின் உறை உருகியதோடு போயிற்று.

பழைய மெக்கானிக்கல் பம்பில் டயாஃப்ராம் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்ததால் சில மாதம் முன்பு எலெக்ட்ரிக் பம்ப் போட்டோம். அப்போதிருந்தே வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் வாடை வருகிறது. போட்டவரிடம் கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அப்படித்தான் இருக்குமா? காரில் என்ன தீயணைப்பான் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வீல்ஸ்:
வெயில்தான் காரணம் ப்ரோ. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டுங்கள். அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான்.

மூலக்கடை கராஜ்:
வீல்ஸ் தம்பி சொல்வது வேறு வியாதிக்கு மருந்து. பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, இழுக்காமல் போனால் ஈரத்துணி உதவும். இங்கே பெட்ரோல் வராத பிரச்சினை இல்லை, அளவுக்கு மேல் வருகிற பிரச்சினை.

அம்பி சார், எனக்குச் சந்தேகம் அந்தப் புது பம்ப் மேல்தான். எஸ்யூ கார்ப்புரேட்டருக்கு மூன்று பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் போகக்கூடாது. கடையில் கிடைக்கிற எலெக்ட்ரிக் பம்ப் பலவும் நாலு முதல் ஏழு வரை தள்ளும். கார்ப்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் அறையில் இருக்கிற ஊசி வால்வு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. ஃப்ளோட் என்ற மிதவை மேலே வந்து மூடச் சொன்னாலும் பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அறை நிரம்பினால் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியேறும்.

அந்தக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். நம் வண்டியில் இன்லெட் (கலவை உள்ளே போகும்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) இரண்டு மேனிஃபோல்டு குழாய்களும் என்ஜினின் ஒரே பக்கம். கார்ப்புரேட்டர் கிட்டத்தட்ட எக்ஸாஸ்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய் கீழே வரை நீண்டு, எக்ஸாஸ்டுக்கு விலகி, தரையைப் பார்த்து முடிய வேண்டும். பல வண்டியில் அது பாதியில் ஒடிந்திருக்கும், இல்லை காணாமலே போயிருக்கும். அப்போது சொட்டுகிற பெட்ரோல் எங்கே விழும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, வண்டி ஓடும்போது ஃபேன் காற்று இருக்கிறது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், மேனிஃபோல்டு சூடு அப்படியே மேலே ஏறும். ஃப்ளோட் அறையில் இருக்கிற பெட்ரோல் கொதித்துப் பொங்கும். டீ குடித்து முடிக்கிற நேரம்தான் பானெட்டுக்குள் மிக மோசமான நேரம். அந்தச் சமயம் செல்ஃப் அடித்து, கார்ப்புரேட்டர் வழியாக ஒரு பேக் ஃபயர், அதாவது என்ஜினுக்குள் இருக்கிற நெருப்பு திரும்பி வெளியே அடிப்பது, வந்தால் போதும்.

கொருக்குப்பேட்டை அம்பி:
நன்றி அண்ணே. ஓவர்ஃப்ளோ குழாய் ஒரு சாண் கூட இல்லை, எக்ஸாஸ்டுக்கு மேலேயே நிற்கிறது. பேக் ஃபயர் ஏன் வருகிறது? டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது. கசிவை எப்படிச் சோதிப்பது?

மூலக்கடை கராஜ்:
என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வெட்டவெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பம்பை ஓட விடுங்கள். காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஒற்றிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும். லைட்டர் கொளுத்திப் பார்த்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஃப்ளோட் அறையிலிருந்து ஜெட்டுக்கு (பெட்ரோல் பீய்ச்சும் துளைக்கு) வரும் சின்ன நைலான் குழாயை மறந்துவிடாதீர்கள். வருஷக்கணக்கில் சூடுபட்டு விறைத்துப்போய், முனையில் வேர்த்த மாதிரி கசியும். அழுக்கோடு கலந்து கறையாகத்தான் தெரியும், சொட்டாது.

ராயபுரம் ரப்பர்:
பேக் ஃபயருக்கு எத்தனாலையும் ஒரு காரணமாகப் பாருங்கள். இப்போது பங்கில் போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை லீன் ஆகும், அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறையும். லீன் ஆனால் எரிவது மெதுவாகும், அடுத்த முறை இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருக்கும், அது கார்ப்புரேட்டர் வாய்க்குத் திரும்பி வரும். எஸ்யூவில் அடியில் இருக்கிற ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடி கலவை ரிச் ஆகும். பிளக் நிறத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், பேக் ஃபயர் தீயை ஓரளவு தடுத்து நிறுத்துவது அதுதான்.

நான் ஹோஸ் வியாபாரத்தில் இருப்பவன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், அப்புறம் விறைத்து வெடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், வளைத்தால்தான் கீறல் தெரியும். வாங்கும்போது ஹோஸ் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அதன் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். பெயர் எதுவும் அச்சடிக்காத கறுப்பு ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தண்ணீர்க் குழாயாகக்கூட இருக்கலாம். பல் வைத்த பட்டைக் கிளிப் சின்ன ஹோஸை அறுக்கும், விளிம்பு மடித்த உருளைக் கிளிப் போடுங்கள். எக்ஸாஸ்டுக்கு மேலே பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கினால் அதையும் எடுத்துவிட்டு உலோக ஃபில்டர் போடுங்கள்.

கடலோரப் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டை பச்சை பிடித்து அரித்துப்போகும். செல்ஃப் அடிக்கும்போது அத்தனை கரன்டும் வேறு வழி தேடும், சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் பழுக்கச் சூடாகும். பெட்ரோல் வாடை அடிக்கிற இடத்தில் இது தேவையா?

ஓய்வு பெற்ற தீயணைப்பு:
அடுத்த முறை அவசரமாக பானெட்டைத் தூக்காதீர்கள் தம்பி. திறந்தால் காற்று உள்ளே போகும், கையளவு தீ முகம் அளவு ஆகும். உங்களுக்கு டீக்கடை பக்கத்தில் இருந்தது.

வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணையுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் இருப்பதால் சாவி அணைக்கும்வரை அது தீக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். எல்லோரையும் இறக்கி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் 101. நீங்கள் அணைக்கப் போவதாக இருந்தால் பானெட்டை முதல் கொக்கி விடுபடும் அளவுக்கு மட்டும் விடுவித்து, அந்த இடுக்கில் அல்லது கிரில் வழியே அடியுங்கள். கொக்கியைத் தொடும் முன் புறங்கையால் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உள்ளே தீ பெரிது, விலகிவிடுங்கள்.

தண்ணீர் வேண்டாம். பெட்ரோல் தண்ணீருக்கு மேல் மிதக்கும், தீயைக் கூடவே கொண்டுபோகும். ஈரச் சாக்கு வேலை செய்தது காற்றை மறைத்ததால். காருக்கு ஏபிசி தூள் வகை, ஒரு கிலோ போதும், இடம் இருந்தால் இரண்டு கிலோ. இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15683 முத்திரை பாருங்கள். ஒரு கிலோ சிலிண்டர் பத்து விநாடி அடித்தாலே அதிகம், அதனால் தீயின் மேல் அடிக்காமல் அதன் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சுத்தமானது, தூளைப்போல் துருப்பிடிக்க வைக்காது. ஆனால் வெட்டவெளியில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும், சூடான மேனிஃபோல்டில் மறுபடி பற்றும். ரோட்டில் நான் தூளைத்தான் நம்புவேன்.

பெரம்பூர் பத்மினி:
செல்ஃப் அடிக்கும்போது தீ பிடித்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தபடி தொடர்ந்து செல்ஃப் அடி, என்ஜின் தீயை உள்ளே இழுத்துவிடும் என்று என் சித்தப்பா சொல்வார். நான் ஃபியட்டில் அப்படிச் செய்து அணைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற தீயணைப்பு:
தீ கார்ப்புரேட்டர் வாய்க்குள் மட்டும் இருந்தால் உங்கள் சித்தப்பா சொன்னது சரி. பானெட் மூடியிருக்கும்போது அது வாய்க்குள் இருக்கிறதா, வெளியே மேனிஃபோல்டு மேல் எரிகிறதா என்று சீட்டில் உட்கார்ந்தபடி எப்படித் தெரியும்? பானெட் திறந்திருந்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னால் செய்யலாம். மற்றபடி இறங்கிவிடுங்கள்.

மூலக்கடை கராஜ்:
அய்யா சொல்வதோடு ஒத்துப்போகிறேன். எலெக்ட்ரிக் பம்ப் போட்ட வண்டியில் அந்தப் பழைய வழி இன்னும் ஆபத்து.

மாதவரம் மூர்த்தி:
இடையில் ஒரு வார்த்தை. வெறும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்றால் உங்கள் கார் எரிந்தால் ஒன்றும் வராது. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) இருந்தால்தான் தீ அதில் அடங்கும். பழைய வண்டிக்கு மதிப்பு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாலிசியில் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை அம்பி:
எல்லோருக்கும் நன்றி. டிஷ்யூ வைத்துப் பார்த்தேன். சாவி போட்டதும் கொஞ்ச நேரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டத் தொடங்கியது. நைலான் குழாய் முனையிலும் ஈரம். பம்ப் ஹோஸில் எந்த எழுத்தும் இல்லை. அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர் போடட்டுமா, மெக்கானிக்கல் பம்புக்கே திரும்பட்டுமா? தீயணைப்பான் டிக்கியில் வைத்தால் போதுமா?

மூலக்கடை கராஜ்:
டயாஃப்ராம் கிட் கிடைத்தால் பழைய பம்புக்குத் திரும்புங்கள், என்ஜின் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். கிடைக்காவிட்டால் குறைந்த அழுத்த பம்போ ரெகுலேட்டரோ போட்டு, கேஜ் வைத்து மூன்று பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பம்ப் லைனை ஃபியூஸ் வழியாக, ஆயில் பிரஷர் சுவிட்சோடு சேர்த்து எடுங்கள். வண்டி மோதி என்ஜின் நின்றாலும் சாவி போட்டபடி பம்ப் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச் வையுங்கள், ஷெட்டில் விடும்போதும் பயன்படும். ஊசி வால்வையும் மாற்றிவிடுங்கள், இத்தனை நாள் அடி வாங்கியிருக்கிறது. அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

ஓய்வு பெற்ற தீயணைப்பு:
டிக்கி வேண்டாம். பெட்ரோல் டேங்க் இருக்கிற பக்கம் அது, சாவி தேடித் திறக்கவும் நேரம் இருக்காது. டிரைவர் சீட்டுக்கு முன்பக்கம், தரையோடு பிராக்கெட் அடித்து மாட்டுங்கள். கதவைத் திறந்து வெளியே நின்றபடியே கைக்கு எட்ட வேண்டும். கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தூள் அடியில் படிந்து கட்டியாகிவிடும், மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி வையுங்கள்.