மறு: ஓவர்டிரைவுக்குத் தமிழ்ச் சொல் – ‘மிகையியக்கம்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

கிட்டார் கையேட்டுக்கான சொற்பட்டியலின் மூன்றாம் பகுதியை நேற்றிரவுதான் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு பகுதிகளில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. மெட்டு, பிரடை, குதிரை என்று வீணைக்காரர்கள் நமக்காகவே எடுத்து வைத்ததுபோல எல்லாம் இருந்தன. மூன்றாம் பகுதியில், கிட்டார் ஒலியை மாற்றக் காலடியில் கிடக்கும் பெடல் பெட்டிகளிடம் வந்ததும் வீணை கைவிட்டுவிட்டது. அங்கேதான் இந்த வரி:

> ஓவர்டிரைவ் = மிகையியக்கம். ஓவர் என்றால் மிகை, டிரைவ் என்றால் இயக்கம். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்குள் சொல்லவும்.

இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிகையியக்கம் என்றதும் எனக்கு ஓரிடத்தில் உட்காராத பிள்ளையும், அதற்கு டாக்டர் சொல்லும் பெயரும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல்லைப் பிளந்து இரண்டு பாதியையும் தனித்தனியாக மாற்றிவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறோம். அந்தப் பெட்டியை மிதித்தால் என்ன நடக்கிறது என்பது அதில் எங்கேயும் இல்லை.

என்ன நடக்கிறது? பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து தொடங்குவோம். எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு விளிம்பு உண்டு. அதற்குள் இருக்கும்வரை, போகிற அலை அதே உருவத்தில் பெரிதாகி வரும். விளிம்பைத் தொட்டுவிட்டால் அலையின் முகடு அதற்குமேல் உயர முடியாது. வால்வு அந்த முகட்டைக் கத்தியால் சீவியதுபோல வெட்டாது, கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். உருவம் மாறினால் மூல சுரத்தோடு மேல்சுரங்கள் (ஹார்மானிக்ஸ்) புதிதாகச் சேரும். நம் காதுக்கு அது ஒரு நிறைவாக, லேசான கரகரப்பாகக் கேட்கிறது. மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி அடித்தால் கரகரப்பு. முடிவு கையில் இருக்கிறது. கிட்டார்காரர்கள் இதைத் தேடி ஓடுவது அதனால்தான்.

எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் விளிம்பு வரை ஏறியதும் உடனே கொட்டிவிடாது. விளிம்புக்கு மேலே ஒரு நூல் அளவு குவிந்து நிற்கும். அப்புறம்தான் வழியும். அந்தக் குவிந்து நிற்கிற நேரம்தான் ஓவர்டிரைவ். அதனால் என் முன்மொழிவு: ததும்பல்.

இதை ஏற்றுக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் பிரித்துக் காட்டுவது எளிது. பட்டியலில் டிஸ்டார்ஷனுக்கும் ஃபஸ்ஸுக்கும் ‘ஒலிச்சிதைவு’ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். கடையில் மூன்று பெட்டி வாங்கப் போகிறவனுக்கு இது உதவாது.

சர்க்யூட்டைத் திறந்து பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெட்டியில் சிக்னலைப் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டப் பாதையிலேயே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் இரண்டு எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். சிக்னல் பெரிதாக ஆக அவை மெல்ல வழிவிட்டு, பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். முகடு மழுங்கும். 1977ல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடி-1ம் இதே குடும்பம்தான். ஆனால் அதில் ஒரு பக்கம் இரண்டு டயோடு, மறு பக்கம் ஒன்று. மேல்முகடு ஒரு மாதிரியும் கீழ்முகடு ஒரு மாதிரியும் மழுங்குவதால் இரட்டைப்படை மேல்சுரங்களும் சேரும். அடுத்த ஆண்டே வந்த பாஸ் டிஎஸ்-1, பெயரிலேயே டிஸ்டார்ஷன். அதில் டயோடுகள் பெருக்கிய பிறகு வரும் சிக்னலை நேரே தரைக்கு (கிரவுண்ட்) இறக்குகின்றன. சிலிக்கான் டயோடு ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும். அதற்கு மேலே இருக்கிற முகடு வெட்டிப் போட்டதுதான். மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. எனவே ஒன்று மழுங்கல், மற்றது வெட்டு. முதலாவதைத் ததும்பல் என்றும் இரண்டாவதைத் திரிபு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஃபஸ்ஸுக்கு நம்மிடம் நல்ல சொல் சும்மாவே கிடக்கிறது: பிசிறு. துணியின் ஓரத்திலும் பிசிறு, பாடுகிறவர் தொண்டையிலும் பிசிறு. அதன் பிறப்பும் ஒரு பழுதில்தான். 1961ல் வெளிவந்த ஒரு பாட்டு நாஷ்வில்லில் பதிவாகிக்கொண்டிருந்தபோது மிக்ஸரின் ஒரு சேனல் கெட்டு, கிட்டார் ஒலி பிய்ந்து வந்தது. அதைக் குப்பையில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பொறியாளர் அந்த ஒலியை வேண்டுமென்றே வரவழைக்கும் சர்க்யூட் ஒன்று செய்தார். 1962ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது அப்படித்தான்.

நாகர்கோவில் அண்ணாச்சி சென்ற வாரம் ஓவர்டிரைவுக்கு ‘மறுகால்’ என்று எழுதியிருந்தார். படித்ததும் கைதட்டினேன். குளம் நிறைந்து உபரி நீர் மறுகால் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான படம் இல்லை. இரண்டு தடைகள்தான். தெற்கத்திப் பக்கம் தாண்டினால் இந்தச் சொல் எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியவில்லை. அதைவிடப் பெரியது, ‘மறுகால் மிதி’ என்று பெட்டியில் எழுதிவிட்டால் மேடையில் பையன் இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான்.

பெடலுக்குப் பட்டியலில் உள்ள ‘மிதிகட்டை’ சைக்கிளோடு போகட்டும். ‘மிதி’ என்றாலே போதும். ததும்பல் மிதி, பிசிறு மிதி. எங்கள் கானமேளா (மேடைப் பாட்டு) குழுவில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, சவுட்டுப்பெட்டி. இந்தப் பக்கம் மிதிப்பதும் உதைப்பதும் சவுட்டுதான், மலையாளத்திலும் சவிட்டு. அச்சில் போடுங்கள் என்று கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது குமிழ்கள். இதைத்தான் கையேட்டில் நிதானமாக எழுத வேண்டும், வாங்கியவர்கள் தவறு செய்வது இங்கேதான். பெரும்பாலான ததும்பல் மிதிகளில் மூன்று குமிழ்: டிரைவ், டோன், லெவல். டிரைவுக்கு ‘உந்து’, டோனுக்குத் ‘தொனி’. லெவலுக்கு ‘மட்டம்’ என்று போட ஆசைதான். ஆனால் ‘மட்டம் அதிகம்’ என்றால் பெட்டியே மட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘அளவு’ போதும்.

புதிதாக வாங்குகிறவன் உந்துவை முழுக்கத் திருகி அளவைக் குறைத்து வைப்பான். வீட்டு அறையில் தனியாகக் கேட்டால் அமர்க்களமாக இருக்கும். மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். நல்ல வால்வு ஆம்ப் கிடைத்தால் நேர்மாறாகச் செய்து பாருங்கள். குமிழின் குறியைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, உந்துவை ஒன்பது மணியில் வைத்து, அளவை இரண்டு மணிக்கு ஏற்றுங்கள். அப்போது பெட்டி தான் ததும்புவதைவிட ஆம்ப்பைத் ததும்ப வைக்கும். நம் சர்ச்சுகளில் கிடைப்பது பெரும்பாலும் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப். அதைத் தள்ளினால் இனிக்காது, கத்தும். அங்கே உந்துவைப் பதினொரு மணி வரை ஏற்றி, அளவை மிதி இல்லாதபோது கேட்கும் சத்தத்துக்குச் சமமாக வைப்பதே சரி.

ட்யூப் ஸ்க்ரீமர் வகை 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே ததும்பும், நடுப்பகுதி புடைத்து நிற்கும். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். பேஸும் கீபோர்டும் நிறைந்த குழுவில் அந்த மூக்குதான் கிட்டாரைக் காப்பாற்றும். கடையில் தனியாக வாசித்துப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று வைத்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடம் கழித்து அதையேதான் வாங்கினேன்.

இன்னொன்று, ச–க–ப மூன்றையும் சேர்த்து அடித்தால் ததும்பலில் காந்தாரம் கலங்கும். உந்து ஏற ஏற இன்னும் மோசம். ச–ப மட்டும் போட்டால் தெளிந்து நிற்கும். ராக் கிட்டாரில் அந்த இரண்டு சுரக் கூட்டு அவ்வளவு புழங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பாறசாலைக்கு அந்தப்புறம் ஒரு கோயில் திருவிழாவில் எனக்கு நடந்ததையும் எச்சரிக்கையாகச் சேர்க்கலாம். ஆம்ப் கொண்டுவருவதாகச் சொன்னவர் வரவில்லை. சவுண்டுக்காரர் ‘நேரே மிக்ஸரில் குத்திக்கோ’ என்றார், குத்தினேன். முதல் பாட்டில் மிதியைச் சவுட்டியதும் கோயில் மைதானம் முழுக்கக் குளவிக்கூடு கலைந்ததுபோல ஒரு சத்தம். முன்வரிசையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் விழுங்காது, ததும்பியதில் உள்ள நொய்யையும் சேர்த்துக் கொட்டும். அன்று மீதிப் பாட்டெல்லாம் மிதியைத் தொடாமலே வாசித்தேன்.

பேட்டரி பற்றி ஒரு வரி போதும். இத்தகைய பெட்டிகளில் கிட்டார் வயரைச் செருகினாலே 9 வோல்ட் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும், விளக்கு எரியாவிட்டாலும். ஒரு கிறிஸ்துமஸ் காரல் இரவில் இதை நான் கற்றுக்கொண்டேன்.

– மார்த்தாண்டத்திலிருந்து

*

தம்பிக்கு,

நீளமாக எழுதினாலும் சிரட்டை நன்றாக இருந்தது. ஆனாலும் ததும்பல் என்றால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணீர்தான். ‘கண்கள் ததும்ப’ என்று எத்தனை கட்டுரை திருத்தியிருக்கிறேன்! ஒரு முரட்டுச் சத்தத்துக்கு இவ்வளவு ஈரமான பெயரா?

பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் எனக்குத் தோன்றியது ‘ஜீவா’. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ஜீவா பிடிக்கிறோம் இல்லையா? அந்த ரீங்காரமும் மேல்சுரங்கள் கூடுவதால் வருவதுதானே. அதையே இதற்கும் வைத்தால் என்ன?

அப்புறம், பிசிறுக்கு என் ஓட்டு உண்டு.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

டீச்சருக்கு,

ஜீவாவை இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். அழகான சொல், அதனாலேயே தம்புராவுக்கே விட்டுவிடலாம் என்று படுகிறது. ஜீவா பிடித்த தந்தியை எவ்வளவு மெதுவாக மீட்டினாலும் ரீங்காரம் இருக்கும். அங்கே நிறைவதற்கு விளிம்பு இல்லை, தந்தியும் குதிரையும் உரசும் இடம்தான் உண்டு. ஓவர்டிரைவில் விளிம்புதான் எல்லாமே. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் மிதியை அணைக்காமலே ஒலி தெளிந்துவிடும். தம்புராவில் அப்படிச் செய்ய வழியில்லை. ‘ஜீவாவைக் கொஞ்சம் குறை’ என்று மேடையில் கத்தினால் ஜீவா என்று பெயருள்ள யாராவது திரும்பிப் பார்ப்பார் என்பது வேறு.

கண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, இன்றைய வழக்கில் அந்தச் சொல் ஈரம்தான். ஆனால் அதற்கு ஒலி என்ற பொருளும் பழையது. புறநானூறு 194ஆம் பாட்டின் தொடக்கம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: ‘ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. முதலாவதற்குக் கறங்கல், இரண்டாவதற்குத் ததும்பல். கண்ணீர் இருந்த வீட்டில் ததும்பல் இல்லை பாருங்கள், முழவு முழங்கிய வீட்டில்தான் இருக்கிறது. நிறைதலும் முழங்குதலும் ஒரே வினையில் இருப்பதால்தான் இதை விட மனம் வரவில்லை.

முரட்டுத்தனம் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முரடு திரிபின் வேலை. உந்து குறைந்த ததும்பல் மிதியைக் கேட்டால் ‘இது முரட்டுச் சத்தம்’ என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். அடுத்த முறை திருவனந்தபுரம் பக்கம் வந்தால் மார்த்தாண்டத்தில் இறங்குங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

தொகுப்பாளருக்கு: வரிகளை இப்படி மாற்றலாம். ஓவர்டிரைவ் – ததும்பல். டிஸ்டார்ஷன் – திரிபு. ஃபஸ் – பிசிறு. பெடல் – மிதி. சாஃப்ட் கிளிப்பிங் – முகடு மழுங்கல். ஹார்ட் கிளிப்பிங் – முகடு வெட்டு. பக்கத்திலேயே ‘ஓவர்டிரைவ்’ என்ற சொல்லும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். கடைக்குப் போய் ‘ததும்பல் மிதி இருக்கா’ என்று கேட்கிற நாள் இன்னும் வரவில்லை.

மிதியை அணைத்திருக்கும்போது சிக்னல் கடந்து போகும் பைபாஸுக்கு மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘புறவழி’ என்று போடலாம். ஆனால் சிக்னல் பெட்டியின் சர்க்யூட்டைத் தொடாமல் நேரே போவது ஒரு வகை, உள்ளே பஃபர் என்ற சிறு இடைச் சர்க்யூட்டில் நுழைந்து வெளியேறுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் புறவழி என்றே பெயர் வைத்தால், பட்டியலில் பழையபடி ‘ஒலிச்சிதைவு’ கதைதான். நாகர்கோவில் அண்ணாச்சி, இதை உங்களிடம் விடுகிறேன். மறுகால் போனதற்கு ஈடாக.

– மார்த்தாண்டத்திலிருந்து