பக்கத்தை நடுவில் நிறுத்த உதவி வேண்டும்

வணக்கம். மதுரையில் என் சித்தி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார். அவருக்காக ஒரே பக்கத்தில் ஓர் இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது.

எனக்கு வேண்டியது எளிமையானது. மேலே அகலம் முழுக்க அரக்கு நிறப் பட்டை, அதற்குக் கீழே நடுவில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சேலைப் படம், நாலு வரி விவரம், அவ்வளவுதான். முதலில் எல்லாம் இடது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பெட்டிக்கு அகலம் 960 பிக்சல், மார்ஜின் (வெளி இடைவெளி) 0 ஆட்டோ என்று கொடுத்ததும் கணினியில் அழகாக நடுவுக்கு வந்துவிட்டது. படத்துக்கும் அதே மார்ஜினைக் கொடுத்தேன், அது மட்டும் பெட்டியின் நடுவுக்கு வரவில்லை. அதற்கு டிஸ்ப்ளே பிளாக் (தனி வரியில் நிற்கும் கட்டமாக்குவது) போட்ட பிறகுதான் வந்தது.

இப்போது சிக்கல் போனில். 960-ஐ மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) ஆக்கி, விட்த் (அகலம்) 100 சதவீதம் கொடுத்தேன். சுற்றிலும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) இருக்கிறது. பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்கு அமைக்கும் வியூபோர்ட் வரியும் ஹெட்டில் இருக்கிறது. ஆனாலும் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது, சேலையின் கரை வலது ஓரத்தில் வெட்டுப்படுகிறது. அந்தக் கரையில் பொட்டுப் பொட்டாக இருக்கும் முடிச்சுதான் சித்தியின் உழைப்பு, அது முழுசாகத் தெரிய வேண்டும்.

பேடிங்கும் அகலத்தோடு கூடிவிடுகிறதோ என்று சந்தேகம். அப்படியென்றால் எந்த வரியை மாற்ற வேண்டும்? இதற்கு ஃப்ளெக்ஸ் (பெட்டிகளை வரிசைப்படுத்தும் சிஎஸ்எஸ் முறை) தேவையா, மார்ஜினே போதுமா? அப்புறம், காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும், அடுத்த பக்கத்தை நானே செய்துகொள்வேன்.