படிவம் 2441: குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) தர மறுத்தால்?

அமெரிக்காவில் வரி தாக்கல் செய்யும் நண்பர்களே, வணக்கம். 2025 வரிக் கணக்கில், பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கான படிவம் 2441இல் ஒரு சிக்கல், வழி சொல்லுங்கள்.

கணவன், மனைவி இருவருக்கும் வேலை. பிள்ளைகளுக்கு வயது 4, 7. டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏவில் (பிள்ளைப் பராமரிப்புக்காகச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு) 5,000 டாலர் போட்டது டபிள்யூ-2வின் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்) 10ஆம் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கு வரிச்சலுகை கேட்கக்கூடிய செலவின் வரம்பு 6,000. மிச்சம் 1,000க்கு 20 சதவீதம், அதாவது 200 டாலர்தான் வரிச்சலுகை. கவலை அதுவல்ல. பராமரிப்பவர் விவரம் சரியில்லை என்றால் அந்த 5,000மும் வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடலாம்.

பள்ளி விட்டபின் பெரியவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி எஸ்எஸ்என் தர மறுக்கிறார். பராமரிப்பவரின் விவரம் கேட்கும் டபிள்யூ-10 படிவத்தைக் கொடுத்தும் நிரப்பித் தரவில்லை. பெயர், முகவரி, காசோலை நகல்கள் கையில் உள்ளன. (இரவு தங்கும் கோடை முகாம் செலவு செல்லாது என்பதால் அதைச் சேர்க்கவில்லை.)

முயன்று கேட்டதற்குச் சான்று இருந்தால், எண்ணுக்குப் பதில் விளக்கக் குறிப்பு இணைக்கலாம் என்பது விதி. இப்படி இணைத்து மின்தாக்கல் செய்தவர்கள் உண்டா? எந்த மென்பொருள் ஏற்றது? எண் இல்லாமல் நிராகரிக்கப்பட்டால் தபாலில்தான் அனுப்ப வேண்டுமா? குறிப்பில் டபிள்யூ-10 கொடுத்த தேதியை எழுதினால் போதுமா, நகலையும் இணைக்க வேண்டுமா?