வீட்டு ஜெபக்குழு நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்: எது நிலைக்கிறது, எது உடைகிறது?

தெஹிவளை (கேட்பவர்)

தொடர்மாடி வீடொன்றில் வாராந்த ஜெபக்குழு தொடங்க எட்டுப் பேர் யோசிக்கிறோம். மெதடிஸ்ட், அங்கிலிக்கன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று கலவை. இந்துக் குடும்பம் ஒன்றும் வர விரும்புகிறது. ‘கர்த்தர் எனக்கு இதைச் செய்தார்’ என்கிற சாட்சிகள் வேறிடத்தில் நிறையக் கிடைக்கும். இங்கே செய்முறை மட்டும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை

முதலில் கிழமையைப் பாருங்கள். செவ்வாய் வைத்தால் கத்தோலிக்கரில் பாதிப்பேர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிற்பார்கள். புதனும் பல பங்குகளில் சதா சகாய மாதா நவநாள் வழிபாடு. வெள்ளியில் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு உபவாச ஜெபம் இருக்கும். மிஞ்சுவது திங்களும் வியாழனும் சனி மாலையும்தான்.

6.45க்குத் தொடங்கி 8.00க்கு முடியுங்கள். பாட்டு 10 நிமிடம், வாசிப்பு 15, பேச்சு 25, ஜெபம் 20, அறிவித்தலுக்கு 5. ஆள் வரட்டும் என்று 7.10 வரை காத்திருந்தால் அடுத்த வாரம் எல்லோரும் 7.10க்குத்தான் வருவார்கள். முடிவு இழுபட்டால் வேறு வினை: பஸ்ஸில் போகிற பெண்பிள்ளைகள் சொல்லாமலே நின்றுவிடுவார்கள்.

ஆள்தொகை பன்னிரண்டு போதும். பதினைந்தைத் தொட்டதும் இரண்டாகப் பிரியுங்கள். அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி காலத்து வகுப்புக் கூட்டம் என்ற சிறு குழுவுக்கும் இதே கணக்குத்தான். 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஏற்பாடு செய்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவருக்கு, யார் படுக்கையில், யார் குடியில், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் கண்ணில் பட்டது. கடன் வசூல் அப்படித்தான் ஆத்தும விசாரிப்பாக மாறியது. ஆகவே உங்கள் தலைவர் நன்றாகப் பிரசங்கிக்கிறவராக இருக்கத் தேவையில்லை, வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவராக இருந்தால் போதும்.

வத்தளை

தொடர்மாடி என்றபடியால் சத்தத்தைப் பற்றி. ஒலிபெருக்கியை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பாவிக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ‘பத்து மணி வரை நாங்கள் பாடலாம்’ என்று வாதாடாதீர்கள். வீட்டுக்குள் மைக்கே வேண்டாம். கிற்றார் ஒன்று போதும், கீபோர்டுக்கு ஸ்பீக்கர் பூட்ட வேண்டாம். கைதட்டல் கொங்கிறீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும், பாட்டைவிட அதுதான் கூடக் கேட்கும். தொடங்க முன்னமே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் போய் நேரத்தைச் சொல்லிவிடுங்கள், உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள். நம்பர் கையில் இருக்கிறவர் முதலில் உங்களுக்கு அடிப்பார், பொலிஸுக்கு அல்ல.

போயா (பௌர்ணமி) தினத்தில் முழுநாள் தியானம் வைக்கலாம், எல்லோருக்கும் லீவு. ஆனால் அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு. பௌத்த வீடுகளில் சில் என்ற விரதம் எடுத்திருப்பார்கள், பாட்டைக் குறையுங்கள்.

பம்பலப்பிட்டி

கலவைக் குழு முதல் நாளே தடுமாறுகிற இடம் கர்த்தர் கற்பித்த ஜெபம். ஒரு பக்கம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும்போது மறுபக்கம் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று போகும். முடிவில் கத்தோலிக்கர் நிறுத்திவிட, மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தனியே தொடர்வார்கள். நிறுத்தினவர் தலையைக் குனிந்துகொள்வார், தொடர்ந்தவர் குரலைத் தாழ்த்துவார். இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து, ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று வையுங்கள்.

வேத வாசிப்பை மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், வாரம் அரை அதிகாரமாக 32 வாரம் போகும். ஒரே பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள், முதலாம் தரம் பழைய மொழிபெயர்ப்பில், இரண்டாம் தரம் திருவிவிலியம் என்ற புதிய பொது மொழிபெயர்ப்பில். இடையில் இரண்டு நிமிடம் மௌனம். தமிழர் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம் மிகக் கடினம், யாராவது ‘ஸ்தோத்திரம்’ என்று நிரப்பப் பார்ப்பார்கள். பேச்சுக்கு மூன்று கேள்வி போதும்: இங்கே என்ன நடக்கிறது, எது உறுத்துகிறது, இந்த வாரம் என்ன செய்யலாம். மரியாள், பரிசுத்தவான்கள், ஞானஸ்நானம், அந்நியபாஷை பற்றிய வாக்குவாதம் வந்தால், அதைத் தனியே ஒரு நாளில் பேசுவோம் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே ஒரு நாள் வையுங்கள். ஒத்திவைத்து மறந்தால் மனதுக்குள் புகையும்.

திருவிருந்தை (நற்கருணையை) வீட்டில் எடுக்க வேண்டாம். குருவாக அபிஷேகம் பெற்றவர் இல்லாமல் அங்கிலிக்கரும் மெதடிஸ்டும் ஏற்கமாட்டார்கள், கத்தோலிக்கர் எப்படியும் பங்கெடுக்க முடியாது. சேர்ந்து சாப்பிடுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

சிங்களம் பேசுகிற கணவரோ மனைவியோ வந்தால் பக்கத்தில் ஒருவரை இருத்தி மெதுவாகச் சொல்ல வையுங்கள். பேசுகிறவர் வசனத்தைக் குட்டையாக்க வேண்டும்.

மட்டக்குளி

காசுதான் குழுவைக் கொல்லும், உபதேசச் சண்டை அதற்குப் பிறகுதான்.

முதலாவது சீட்டு. ஜெபத்துக்கு வருகிற பெண்களுக்கிடையில் பத்துப் பேர் சீட்டுக் கட்டத் தொடங்குவார்கள், நம்பிக்கையான ஆட்கள்தானே என்று. மூன்றாம் நாலாம் மாதத்தில் சீட்டை எடுத்தவர் மிச்சத்தைக் கட்டமாட்டார். வெட்கத்தில் அவர் வரமாட்டார். அவர் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் மற்றவரும் வரமாட்டார். குழுவுக்குள் சீட்டு இல்லை, கைமாற்று இல்லை, பொருள் விற்பனை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘ஆள் சேர்த்தால் கமிஷன்’ என்று வருகிற பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. இருந்தும் அவை அடிக்கடி நுழைவது ஜெபக்கூட்டங்கள் வழியாகத்தான். நம்புகிற மனிதர்கள் ஏற்கெனவே வரிசையாக இருக்கிறார்களே, ஏஜென்டுக்கு வேலை மிச்சம்.

இரண்டாவது உதவி நிதி. உண்டியல் சின்னதாக இருக்கட்டும். இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, கொப்பியில் திகதி, தொகை, மீதி எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. உதவியைக் கூடியமட்டும் கையில் கொடுக்காதீர்கள். பார்மசி பில்லையோ, பலசரக்குக் கடைக் கணக்கையோ, பிள்ளையின் டியூஷன் காசையோ நேரே கட்டிவிடுங்கள். மாத முடிவில் மொத்தத் தொகையை எல்லோருக்கும் சொல்லுங்கள், பெற்றவர் பெயரை ஒருபோதும் சொல்லாதீர்கள். எருசலேமில், அப்போஸ்தலர் கண்முன்னாலேயே, அன்றாட உதவிப் பங்கீட்டில் கிரேக்கம் பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6). முறுமுறுப்பு எழுந்தபோது முறைப்பாட்டைக் கிடப்பில் போடவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள், ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். விடுபட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள் போலிருக்கிறது. உங்களிலும் மலையகத்து ஆட்கள் இருந்தால் கணக்குக் கொப்பியில் ஒரு கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.

வெள்ளவத்தை

மட்டக்குளி அண்ணன் கடைசியில் சொன்னதிலிருந்து தொடர்கிறேன். புதிதாக வருகிறவரிடம் நம்மவர் கேட்கிற முதல் கேள்வி ‘நீங்க எந்த ஊர்?’ கேட்கிறவருக்கு அது குசலம். ஹட்டனிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் நிற்கிற பிள்ளைக்கு அது விசாரணை; அதற்குப் பின்னால் எந்த இடம், எந்தக் கோயிலடி, யாருடைய மகன் என்று சாதி வரை இறங்கும் என்று அவருக்குத் தெரியும். வேலை, குடும்பம், சம்பளம் எதையும் முதல் நாள் கேட்க வேண்டாம். ‘பஸ் லேசாக் கிடைச்சுதா’ என்று கேளுங்கள்.

இருக்கையையும் கவனியுங்கள். சோபாவில் டொக்டர் அன்ரி, பிளாஸ்டிக் கதிரையில் கிளார்க், வாசலடியில் வேலைக்காரப் பிள்ளை. யாக்கோபு 2ஆம் அதிகாரம் அப்படியே உங்கள் ஹோலில் நடக்கும். முழங்கால் வருத்தக்காரருக்கு மட்டும் கதிரை, மற்ற எல்லோருக்கும் பாய்.

திருநீறோ பொட்டோ வைத்து வருகிறவரின் நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். முதல் நாளில் ஜெபிக்கச் சொல்ல வேண்டாம், தலையில் கை வைக்க வேண்டாம், படம் எடுத்துப் போட வேண்டாம். அடுத்த நாள் ஒருவர் மட்டும் போன் எடுத்தால் போதும். ஐந்து பேர் எடுத்தால் ஆள் ஓடிவிடுவார்.

வட்ஸ்அப்பில் ஜெப விண்ணப்பம் போடும்போது பெயர், நோய், விசா, சம்பந்தம் எதுவும் எழுதாதீர்கள். ‘ஒரு சகோதரிக்காக’ என்றால் கர்த்தருக்கு விளங்கும். ஸ்கிரீன்ஷொட் போய்ச் சேருகிற வேகம் தேவதூதருக்கும் இல்லை.

கொட்டாஞ்சேனை

சண்டை வந்தால் மத்தேயு 18:15-17 சொல்கிற வரிசை: முதலில் தனியே, பிறகு ஒருவர் இருவரோடு, அதன்பிறகே சபைக்கு. நம் ஆட்கள் தலைகீழாகச் செய்வார்கள்: முதலில் பாஸ்டருக்குப் போன், பிறகு குழுவில் பொடிவைத்து ஒரு வசனம், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரியவரும்.

மருதானை

அண்ணன் சொன்ன வரிசைக்கு ஒரு மறுப்பு. அடி வாங்குகிற மனைவியையோ, தொல்லைக்கு ஆளான பிள்ளையையோ ‘முதலில் தனியே போய்ப் பேசு’ என்று அனுப்பக் கூடாது. அது இருவருக்கிடையிலான மனஸ்தாபத்துக்கான வசனம், குற்றத்துக்கானது அல்ல. போன் எடுக்க வேண்டிய நம்பர்கள்: பிள்ளைகள் விஷயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926. மூன்று நம்பரையும் பாட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டுங்கள். ‘பொறுமையாய் இரு, ஜெபிக்கிறோம்’ என்று திருப்பி அனுப்புகிற குழு இல்லாமலிருப்பதே மேல். பிள்ளைகளின் வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள், அறைக் கதவு திறந்தபடி. விசுவாசத்தின் பெயரில் யாரையும் சீனி, பிரஷர், மனநோய்க் குளிசைகளை நிறுத்தச் சொல்லவும் விடாதீர்கள்.

தெஹிவளை (கேட்பவர்)

மருதானை அக்கா சொன்ன மூன்று நம்பரும் குறித்தாயிற்று. கடைசியாகச் சாப்பாடு. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் கொடுப்பதாக நினைத்திருக்கிறோம்.

வத்தளை

அதில்தான் போட்டி தொடங்கும். முதல் வீட்டில் ரோல்ஸ், இரண்டாவதில் ரோல்ஸும் கேக்கும், ஆறாவதில் புரியாணி. ஏழாவது வீட்டில் அந்த வாரம் அம்மாவுக்குச் சுகமில்லை. உண்மையில் சுகமாகத்தான் இருப்பார், காசுதான் இருக்காது. பிளேன்டியும் (பாலில்லாத தேநீர்) மாரி பிஸ்கட்டும், அதற்கு மேல் யாரும் கொண்டுவரக் கூடாது என்று வையுங்கள். பிளேன்டிக்கு இஞ்சி போடலாம்.

மாதம் ஒரு தரம் பெரிய சாப்பாடு வேண்டுமானால் ஆளுக்கொரு கறி கொண்டுவந்து ஒரே மேசையில், கொண்டுவந்தவர் பெயர் சொல்லாமல் வையுங்கள். கடையிலிருந்து நேரே வருகிறவர்கள் எட்டு மணிக்குத்தான் வந்து சேருவார்கள். அவர்களுக்குச் சட்டியின் அடியை வழித்துக் கொடுக்காமல், பரிமாறத் தொடங்க முன்னமே ஒரு பங்கை எடுத்து மூடி வையுங்கள். கொரிந்தியருக்குப் பவுல் கோபமாக எழுதியதே இதற்குத்தான், ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறியாயிருந்தான். சோறு எப்போதும் போதாமல் போகும், பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போடுங்கள்.