சுண்டெலிகளுக்கு 10% ஆக்சிஜன் பெட்டி: குறைந்த செலவில் முடியுமா?

கேள்வி
நுரையீரல் ரத்த அழுத்த ஆய்வுக்காகப் பத்து சுண்டெலிகளை மூன்று நாலு வாரம் 10% ஆக்சிஜனில் வைக்க வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்துவிட்டது. ரெடிமேட் பெட்டியின் விலையைக் கேட்டால் எனக்கே மூச்சு வாங்குகிறது. 100 லிட்டர் அக்ரிலிக் பெட்டி, நைட்ரஜன் சிலிண்டர், ஆக்சிஜன் சென்சார், ஆர்டுயினோ (சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை), சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) போதுமா? பெட்டியைச் சிலிகான் போட்டு முழுசாக அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில் 1
அடைக்காதீர்கள்! ஒரு சுண்டெலி மணிக்குச் சுமார் 50 மில்லி கரியமில வாயு விடும். அப்படியானால் உங்கள் பெட்டியில் மணிக்கு அரை சதவீதம் ஏறிக்கொண்டே போகும், ஆக்சிஜன் சென்சாரோ 10% என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். கரியமில வாயு கூடினால் நீங்கள் பார்க்க நினைக்கும் ரத்த அழுத்த ஏற்றமே மட்டுப்பட்டுவிடும், அப்புறம் எதை அளப்பது?

நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று, 1 லிட்டர் நைட்ரஜன், இரண்டு ரோட்டாமீட்டர் (வாயு ஓடும் அளவைக் காட்டும் கருவி) வைத்துக் கலந்து விடுங்கள், மறுபக்கம் ஒரு வெளியேறு குழாய். கலவையில் ஆக்சிஜன் 10.5% வரும், எலிகள் இழுப்பது போக 10% பக்கத்தில் நிற்கும். கரியமில வாயுவும் அரை சதவீதத்துக்குள் அடங்கும், ஈரமும் அம்மோனியாவும் கூடவே போய்விடும். முதல் நாளே 10%-க்கு இறக்காமல் படிப்படியாகக் குறையுங்கள்.

பதில் 2
கணக்கு சரி, ஆனால் 7,000 லிட்டர் சிலிண்டர் ஐந்து நாள்கூடத் தாங்காது. நைட்ரஜன் ஜெனரேட்டர் இல்லாதவர்கள் உள்காற்றையே சின்ன பம்ப் வைத்துச் சோடா லைம் (கரியமில வாயுவை உறிஞ்சும்), சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும்) வழியாகச் சுற்றவிடலாம். அப்போது கசிவுக்கு மட்டும் நைட்ரஜன் விட்டால் போதும், எலிகள் ஆக்சிஜனைத் தின்று 10%-க்குக் கீழே இறக்கினால் காற்று விட இன்னொரு வால்வு வேண்டும். சோடா லைம் தீர்ந்து ஊதாவானால் மாற்றுங்கள், சும்மா கிடந்தால் திரும்ப வெள்ளையாகிவிடும், அதை நம்பவே கூடாது.

கேள்வி கேட்டவர்
நன்றி. கரன்ட் போனால்?

பதில் 1
அதுதான் முக்கியம். காற்று பம்ப் நின்று நைட்ரஜன் மட்டும் ஓடினால் அத்தனை எலியும் போச்சு. அதனால் நைட்ரஜன் வால்வு, மின்சாரம் இல்லாதபோது தானே மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். சென்சாரை வெளிக்காற்றில் 20.9%, சுத்த நைட்ரஜனில் பூஜ்யம் என்று அடிக்கடி சரிபாருங்கள். ஈரம் படிந்தால் தப்பாகக் காட்டும். அறைக்கும் ஆக்சிஜன் 19.5%-க்குக் கீழே போனால் கத்துகிற அலாரம் ஒன்று மாட்டுங்கள், நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது.

பதில் 3
ஒப்பீட்டு எலிகளையும் இதே மாதிரிப் பெட்டியில், இதே பம்ப் சத்தத்தில், சாதாரணக் காற்றோடு வையுங்கள். முதல் சில நாள் குறைந்த ஆக்சிஜன் எலிகள் சாப்பாட்டைக் குறைத்து எடை இழக்கும், அதையும் குறித்து வையுங்கள்.